கடைசி எம்ப்டி கேசட்டில் எந்த ஆல்பம்?

பிரிக்காத எம்ப்டி கேசட் எங்கள் வீட்டில் இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. 60 நிமிஷக் கேசட். மேலே சுற்றிய கண்ணாடித் தாள்கூடக் கிழியவில்லை. 2024-ஆம் வருஷத்துப் பாட்டு அதில்தான் ஏற வேண்டும். ஏ பக்கத்தில் அந்த வருஷத்து ஆல்பம் ஒன்று. பி பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற பாட்டை வேறு யாராவது எடுத்துப் பாடியது, அல்லது வாசித்தது. பக்கத்துக்கு 30 நிமிஷம். நல்ல கேசட்டாக இருந்தால் அரை நிமிஷம் கூட வரும், அவ்வளவுதான். ஐப்பசியில் யோசிக்க ஆரம்பித்தேன், மார்கழி பிறந்த பிறகுதான் முடிவுக்கு வந்தேன். எதை எதோடு வைத்துப் பார்த்தேன், எதற்காக எதை விட்டேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இது அப்பா ஆரம்பித்த வழக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் அடுத்த வேலையாக டேப் ரெக்கார்டர் பொத்தானைத்தான் அமுக்குவார். அப்போதெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதி, எம்ப்டி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் நாலைந்து நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். வருஷம் பூராவும் எத்தனை கேசட் சேர்ந்தாலும், மார்கழியில் அந்த வருஷத்துக்கென்று ஒன்று தனியாகப் பதிவார். முதுகில் வருஷத்தை மட்டும் எழுதி மரப்பெட்டியில் வைத்துவிடுவார். பி பக்கம் அவருடைய சொந்த ஆசை. கோட்டை மாரியம்மன் கோயில் ஆடிப் பண்டிகையில் நாயனக்காரர் வாசித்த சினிமாப் பாட்டு, கச்சேரி மேடையில் யாரோ பாடிய பழைய பாட்டு என்று, டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் அவரே பதிந்தவை.

கடைகள் போன பிறகு நான் வீட்டிலேயே பதிகிறேன். பழைய டெக் ஒன்று இருக்கிறது. போனிலிருந்து ஒயர் கொடுத்தால் போதும்.

தேர்ந்தெடுக்க அப்பா வைத்த விதிகள் மூன்று. ஆல்பம் முழுசாக, வரிசை மாறாமல் ஏற வேண்டும். பிடித்த பாட்டை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. பட்டறையில் ஒரு வாரம் ஓடித் தாங்க வேண்டும். ஏற்காடு மலை ஏறும்போது ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது விதி எப்படி வந்தது என்றால், பெரியம்மா வீடு மலைமேல். கொஞ்சம் காபித் தோட்டம், நடுவில் மிளகுக் கொடி. காபிப் பழம் பறிக்கிற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏறிவிடுவோம். அடிவாரத்தில் பாட்டைப் போட்டால் 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் ஒரு பக்கம் ஓடிவிடும்.

முதலில் கழித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ராயன் ஜூலையில் வந்தது. ஏ.ஆர். ரகுமான். பட்டறையில் ஆடி முழுக்க ‘வாட்டர் பாக்கெட்’தான். அதில் சந்தோஷ் நாராயணனும் ஸ்வேதா மோகனும் பாடுகிற குறும்பு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் இந்த ஆல்பத்தின் பலமே அடியில் உறுமுகிற சத்தம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அதில் அவ்வளவு கனமான பேஸை ஏற்றினால் குரல் கலங்கிப் போகும், குறைத்து ஏற்றினால் பாட்டில் உயிர் இருக்காது. தியேட்டர் ஸ்பீக்கருக்கென்று செய்த இசை, அங்கேயே கேட்பதுதான் அதற்கு மரியாதை.

அமரனை விட்டது பட்டறைப் பையன்களுக்குப் பிடிக்கவில்லை. ‘ஹே மின்னலே’ தீபாவளி முடிந்து ஒரு மாதம் இடைவிடாமல் ஓடியது. ஹரிசரணும் ஸ்வேதா மோகனும் பாட, கார்த்திக் நேத்தா எழுதியது. பற்றவைக்கிற தம்பி ஒருவனுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. அவன் போன் அடித்தாலும் அதே பாட்டுத்தான். எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும், இருந்தாலும் ஒரு பாட்டுக்காக ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. ஜி.வி. பிரகாஷ் இதற்கு இரண்டரை மாதம் முன்னால்தான் தங்கலானுக்கு வேறொரு உலகத்தையே இசையாகக் கொடுத்திருந்தார். ‘மினிக்கி மினிக்கி’யில் சிந்தூரி விஷாலின் குரல் மண்ணில் கால் ஊன்றி ஆடுகிற குரல். ஒரே மனிதர் ஒரே வருஷத்தில் இரண்டையும் செய்தார் என்பதை நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஆனால் தங்கலானில் பாட்டுகள் குறைவு, ஒரு பக்கம் நிரம்பாது.

சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ இரண்டும் தனித்தனிப் பாட்டுகள், ஆல்பக் கணக்கில் வராது. விடுதலை இரண்டாம் பாகம் டிசம்பர் 20-இல்தான் வந்தது. இளையராஜா என்பதால் அப்பா தயங்கினார். ஒரு வாரம் பட்டறையில் ஓடாமல் ராஜாவுக்கும் இடம் கிடையாது என்று அவரே முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தார். அதை நினைவுபடுத்தினேன், ஒப்புக்கொண்டார்.

ஆக, மிஞ்சியவை இரண்டு: ஆகஸ்டில் வந்த வாழை, மாரி செல்வராஜ் படம், சந்தோஷ் நாராயணன் இசை; செப்டம்பர் கடைசியில் வந்த மெய்யழகன், பிரேம்குமார் படம், கோவிந்த் வசந்தா இசை.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்ததும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. 2018-லும் இதே போட்டிதான். மாரி செல்வராஜ் முதல் படமாகப் பரியேறும் பெருமாள் எடுத்தார், இசை சந்தோஷ் நாராயணன். ஆறு நாள் கழித்து பிரேம்குமார் முதல் படமாக 96 எடுத்து வெளியிட்டார், இசை கோவிந்த் வசந்தா. அதே நாலு பேர், அதே ஜோடி. அந்த வருஷம் நான் 96-ஐத்தான் ஏற்றினேன். அந்த முடிவைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் முடிவு அங்கேதான் திரும்பியது.

முதலில் பட்டறை.

மெய்யழகன் பட்டறைக்கென்றே செய்தது போல் உட்கார்ந்துகொண்டது. கமல்ஹாசன் இதில் இரண்டு பாட்டு பாடியிருக்கிறார், ‘யாரோ இவன் யாரோ’, ‘போறேன் நா போறேன்’. 70 வயதைத் தொடுகிற குரல். மேலே ஏறுவதற்கு அந்தக் குரல் அவசரப்படுவதில்லை. சொல்லைத் தடவித் தடவி வைக்கிறது. ஊரை விட்டுப் போகிறவன் வாசல்படியில் நின்று யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொள்வது போல் ‘போறேன்’ என்ற சொல் விழுகிறது. அப்பா இரண்டாம் நாளே சொன்னார்: “கொரல் வயசாயிடுச்சு கண்ணு. அதனாலதான் நல்லாருக்கு.” கோவிந்த் வசந்தா வயலின்காரர், அந்த வயலின் குரலுக்குப் பின்னால் போகாமல் பக்கத்திலேயே நடக்கிறது. ‘டெல்டா கல்யாணம்’ வந்தால் எல்லோர் காலும் தாளம் போடும். ஒரு வாரம் ஓடியது, மறு வாரமும் ஓடியது, யாரும் மாற்றச் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை, ஆனால் பட்டறையில் ஒவ்வொருவரும் தாங்கள் விட்டு வந்த ஊரைப் பேச ஆரம்பித்தார்கள். மேச்சேரி, எடப்பாடி, தாரமங்கலம். பேச்சுக்குக் கீழே பாட்டு, பாட்டுக்குக் கீழே சுத்தியல்.

வாழை அப்படி ஓடவில்லை. ‘தென்கிழக்கு’ வரைக்கும் சரி. தீயின் குரலில் அது வந்தால் பற்றவைக்கிற அறையில் காஸ் சத்தம் மட்டும்தான் கேட்கும், பேச்சு தானாக அடங்கும். நாலாம் நாள் மத்தியானம் ‘பாதவத்தி’ ஓடிக்கொண்டிருந்தது. எங்களிடம் மணி கோக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், பதினெட்டு வருஷமாக வருகிறார். கம்பி வளையத்தில் கடுகளவு மணியை இடுக்கியால் எடுத்து நுழைத்து, வாயை அமுக்கி, அடுத்ததை எடுப்பார். நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணினால் நமக்குத்தான் மூச்சு வாங்கும். அன்றைக்கு இடுக்கி நுனியில் ஒரு மணி அப்படியே நின்றது. கை இறங்கவில்லை. பாட்டு முடிகிற மட்டும் அந்த மணி அங்கேயே இருந்தது. அப்புறம் சொன்னார்: “தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இத நிறுத்திடுங்க. கை ஓட மாட்டேங்குது.”

நிறுத்திவிட்டேன். விதிப்படி வாழை அங்கேயே தோற்றது. மாரி செல்வராஜ் தன் சின்ன வயதில் வாழைத்தார் சுமந்ததையும், கூடவே சுமந்தவர்கள் லாரியோடு கவிழ்ந்து போனதையும் படமாக எடுத்திருக்கிறார். அந்தப் பாட்டில் ஒப்பாரியின் தொண்டை இருக்கிறது. வேலை செய்கிற கைக்கு நடுவில் அதை ஓடவிட்டது என் தப்புத்தான்.

மலைக்குப் போவது தள்ளிப் போனது. டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுவிட்டது. மேலே இருக்கிறவர்களுக்குக் குப்பனூர் வழிதான். பெரியம்மா போனில் மழைச் சத்தத்தையே கேட்க வைத்தார். மண்ணை அள்ளி வழியைச் சரிசெய்து, வண்டிகள் விட ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் ஆம்னியை எடுத்தோம்.

அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும்போது அப்பா எப்போதும் பாட்டை நிறுத்தச் சொல்வார். டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஆரம்பித்த கம்பெனி. தமிழின் முதல் முழு நீளக் கலர்ப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் இங்கிருந்துதான் 1956-இல் போனது. இப்போது அந்த வளைவுதான் அடையாளத்துக்கு நிற்கிறது. அதைத் தாண்டிய பிறகு பாட்டு தொடரும். இதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கம், காரணம் கேட்டதில்லை.

ஏறும்போது வாழை, இறங்கும்போது மெய்யழகன் என்று பிரித்துக்கொண்டேன். ஒன்றிரண்டு வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால் இரண்டையும் போனில் இறக்கி வைத்திருந்தேன். அடிவாரத்தில் வெயில் எட்டிப் பார்த்தது. பத்தாவது வளைவில் மூங்கில் புதர்களுக்கு மேலே பனி. புதிதாக அறுத்த மாதிரி செம்மண் தெரிந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். ‘பாதவத்தி’ வந்தபோது பதினைந்தாவது வளைவோ பதினாறாவதோ. நான் மாற்றிவிடலாமா என்று கையைக் கொண்டுபோனேன். அப்பா முன்சீட்டில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. அதற்குப் பிறகு மூன்று வளைவு யாரும் ஒன்றும் பேசவில்லை. பதினெட்டாவதில் சொன்னார்: “திரும்பப் போடு.”

இறங்கும்போது மெய்யழகன். வண்டி முழுக்கப் பேச்சு. அம்மா தன் தாத்தா வீட்டுத் திண்ணையைப் பற்றிச் சொன்னாள், பின்னால் பிள்ளைகள் கூடவே பாடினார்கள். ரொம்பச் சந்தோஷமான இறக்கம். வீடு வந்து சேர்ந்தபோது எந்தப் பாட்டு எந்த வளைவில் ஓடியது என்று எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. வாழையின் ஒவ்வொரு வளைவும் நினைவிருந்தது.

பட்டறை ஒன்றைச் சொல்கிறது, மலை வேறொன்றைச் சொல்கிறது. இப்போது 2018-க்கு வருகிறேன்.

96-ஐ ஏற்றிய கேசட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். புதுசு போலவே இருக்கிறது. நான் அதைப் போட்டே பார்க்கவில்லை. ஏன் போட வேண்டும்? ‘காதலே காதலே’ போனில் தானாக வருகிறது. கல்யாண வீட்டில் வருகிறது, பக்கத்து வீட்டுப் பையன் கிடாரில் வருகிறது. அப்பா கேசட் பதிந்த காலத்தில் கேசட் இல்லாவிட்டால் பாட்டு இல்லை. தினம் கேட்கிற பாட்டைத்தான் பதிய வேண்டும், அதனால்தான் பட்டறை விதி. என் காலத்தில் தினம் கேட்கிற பாட்டைப் போன் பார்த்துக்கொள்கிறது. நேற்று கேட்டதை இன்றைக்கு எடுத்து நீட்டுகிறது. நான் ஒரு தடவை கேட்டுக் கலங்கி, அப்புறம் ஒரு வருஷம் தொடாத பாட்டை அது எடுத்துத் தருவதில்லை. பரியேறும் பெருமாளின் ‘கருப்பி’யை இந்த ஆறு வருஷத்தில் நானாகத் தேடிப் போட்டது நாலைந்து தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் இது ஏன் நம் பெட்டியில் இல்லை என்று தோன்றியது.

தேடிப் போனால் மட்டுமே கிடைப்பதைத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அதனால் ஏ பக்கம் வாழை. மெய்யழகனை நான் இழக்கப் போவதில்லை. இதை எழுதும்போதுகூடப் பட்டறையில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டறை விதியை மீறுகிறோமே என்று அப்பாவிடம் கேட்டேன். “அது டேப்ரிகார்டருக்குப் போட்ட சட்டம்டா” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி பி பக்கம். என் மனசு இங்கேதான் அதிகம் ஓடியது.

எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்னால் எது கணக்கில் வரும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஏனென்றால் 2024-இல் மறைந்தவர்களின் குரல்கள் கம்ப்யூட்டர் வழியாகத் திரும்பி வந்தன. ரகுமான் இசையமைத்த லால் சலாமின் ‘திமிறி எழுடா’வில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும். வேட்டையனின் ‘மனசிலாயோ’வில் மலேசியா வாசுதேவன், கூடவே அவர் மகன் யுகேந்திரன். கோட் படத்தின் ‘சின்ன சின்ன கண்கள்’ பாட்டில், ஜனவரியில் காலமான பவதாரிணி. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்துத்தான் செய்தேன் என்று ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார், அது சரியான முறை. பவதாரிணி குரலை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. அக்காவின் குரலை, அந்தப் படத்துக்கு இசையமைத்த யுவன் திரும்பக் கேட்க நினைத்ததில் யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் பி பக்கத்தில் இவற்றுக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்து வாசிக்கும்போது அங்கே ஒரு விருப்பம் இருக்கிறது. இத்தனை ஆயிரம் பாட்டில் இதை ஏன் எடுத்தார், இந்த இடத்தில் ஏன் நின்றார், எங்கே மூச்சு விட்டார் என்று கேட்க முடிகிறது. மலேசியா வாசுதேவன் இருந்திருந்தால் ‘மனசிலாயோ’வில் எந்தச் சொல்லில் சிரிப்பைக் கலந்திருப்பார் என்று நம்மால் சொல்ல முடியாது. அவருடைய குரல் இருக்கிறது, அவருடைய முடிவு இல்லை. பதினைந்து வயதிலிருந்து அவரைக் கேட்கிறவன் என்பதால் அந்தக் குறை எனக்குப் பெரிதாகவே தெரிகிறது.

சரி, மனிதர்கள் எடுத்துக்கொண்ட பாட்டுகளில் என்னிடம் மூன்று பதிவுகள் இருந்தன. மூன்றும் நானே போனில் பதிந்தவை.

முதலாவது, ஆயுத பூசைக்கு ஆட்டோ ஸ்டாண்டு ஒன்றில் மெல்லிசைக் குழு பாடியது, ‘நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்’. 1989-இல் வந்த பொன்மனச் செல்வன் பாட்டு. விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம் ஆகாத நேரம், இந்தப் பாட்டைத் திரும்ப எல்லோர் வாயிலும் ஏற்றிய லப்பர் பந்து படம் வந்து மூன்று வாரம். மேடையில் இரண்டு வரி பாடியதும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள், மிச்சத்தைத் தெருவே பாடியது. ஆக்டோபேட் வாசித்த பையன் நின்றுகொண்டே வாசித்தான். பதிவைக் கேட்டால் இப்போதும் ரத்தம் சூடாகும். ஆனாலும் அந்த வருஷம் தமிழ்நாட்டில் எந்த மேடையில் இந்தப் பாட்டைப் பாடவில்லை? போனில் தட்டினால் நூறு வரும். ஏ பக்கத்துக்குச் சொன்ன நியாயம் இங்கேயும் பொருந்துமே. எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது, சூரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டி முடிந்து, கூட்டம் பந்திக்கு நகர்ந்துவிட்டது. நாயனக்காரர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றி உதட்டில் வைத்து ஈரப்படுத்தினார், திருப்தியில்லாமல் கயிற்றில் தொங்கிய வேறொன்றை எடுத்து மாட்டினார். சும்மா ஏதாவது வாசிப்பார் என்று நினைத்தேன். ‘கண்மணி அன்போடு காதலன்’ எடுத்தார். மஞ்சுமெல் பாய்ஸ் பிப்ரவரியில் வந்ததிலிருந்து குணா பாட்டு மறுபடி எல்லா இடத்திலும் கேட்டது, அதனால் எடுத்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு ஒரே யோசனைதான்: அந்தப் பாட்டில் பாதி பேச்சு. கடிதம் எழுதச் சொல்லிக் கமல் சொல்லச் சொல்ல ஜானகி திருப்பிப் படிப்பது. நாயனத்தால் பேச முடியாதே, அங்கே என்ன செய்யப் போகிறார்?

பேச்சு வருகிற இடத்தில் அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவில்காரர் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். தவில்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டு, வலது கைக் கூடு போட்ட விரல்களால் மட்டும், அதுவும் ஓரத்தில், தயங்கித் தயங்கித் தட்டினார். ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், நாலைந்து தட்டு, மறுபடி நிறுத்தம். சொல்லத் தெரியாதவன் சொல்லப் பார்ப்பது அப்படியே விழுந்தது. உடனே நாயனம் அதைத் திருத்தி எழுதுகிற மாதிரி ராகமாக எடுத்துக்கொண்டது. இந்தப் பாட்டை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். அந்தப் பேச்சுக்குள் இவ்வளவு தாளம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை முடித்து அப்படியே ஒரு ஆலாபனைக்குள் போய், 19 நிமிஷம் நிறுத்தவில்லை. பதிவில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிட வாங்க” என்று மைக்கில் கூப்பிடுகிறார்கள். அதையெல்லாம் நீக்கப் போவதில்லை.

அப்பாவுக்கு இதில் ஒரு பழைய பாக்கியும் உண்டு. 1991 தீபாவளிக்குத் தளபதியும் குணாவும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இளையராஜா. பெட்டியில் இருப்பது தளபதி. ‘ராக்கம்மா கையத் தட்டு’ ஓடுகிற பட்டறையில் வேறு எதுவும் நிற்காது என்பது ஒரு காரணம். இன்னொன்றை அப்பாவே சொல்வார்: “அதுல பேசிக்கிட்டே இருக்காங்க, பாட்டு எங்க இருக்கு?” மண்டபத்துப் பதிவைப் போட்டுக் காட்டினேன். தவில் வந்த இடத்தில் ஸ்பீக்கரிடம் குனிந்தார். முடியும்வரை நிமிரவில்லை. “பேச்சுதான் பாட்டு போலருக்கு” என்றார்.

மூன்றாவது பெரியம்மா வீட்டு வராந்தாவில் பதிந்தது, அதே மார்கழி ஞாயிறு. களத்தில் காபிப் பழம் காயப் போட்டு, வெயில் வராததால் தார்ப்பாயை மூடி வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் பேத்தி, கல்லூரியில் படிக்கிறாள், கிடார் பழகுகிறாள். அவளுக்குச் சின்னத் தாத்தாவான அப்பாவுக்குப் பிடித்தது ஒன்று பாடு என்றதும் ‘வாராய் நீ வாராய்’ எடுத்தாள். மாடர்ன் தியேட்டர்ஸின் மந்திரி குமாரி, 1950, ஜி. ராமநாதன் இசை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. புருஷன் பெண்டாட்டியை மலை உச்சிக்குக் கூட்டிப் போகிற பாட்டு. தள்ளிக் கொல்லத்தான் கூட்டிப் போகிறான். கடைசியில் மூன்று தடவை சுற்றி வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லி அவள்தான் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

மூலப் பாட்டில் லோகநாதனின் குரல் அவ்வளவு இனிமை. கதை தெரியாமல் கேட்டால் காதல் பாட்டு என்றே நினைப்போம். இந்தப் பெண் இரண்டு குரலையும் ஒருத்தியாகவே பாடினாள். அவன் கூப்பிடுகிற வரியும் அவள் வாயிலிருந்து வந்தது, அவள் போகிற வரியும் அவள் வாயிலிருந்து வந்தது. கூப்பிடுகிறவன் மனசில் இருப்பது கூடப் போகிறவளுக்குத் தெரிந்தேதான் போகிறாளோ என்று முதல் தடவையாக எனக்குத் தோன்றியது. அப்பா இன்னொரு தடவை பாடச் சொன்னார். இரண்டாம் முறை இன்னும் மெதுவாகப் பாடினாள், ஒரு இடத்தில் கம்பியைத் தொடாமல் குரலை மட்டும் விட்டாள். “மாமா, அங்க கை விட்டுப் போச்சு, அத வெச்சுக்காதீங்க” என்றாள். அந்த இடத்துக்காகத்தான் இரண்டாவதையும் ஏற்றினேன்.

மண்டபம் 19 நிமிஷம், வராந்தா முதல் முறை 4, இரண்டாம் முறை 5. மொத்தம் 28.

போன புதன்கிழமை ராத்திரி பட்டறை மூடிய பிறகு பதிந்தேன். ஆரம்பத்தில் பாட்டு ஏறாத வெள்ளை நாடா சில நொடிக்கு இருக்கும், அதைப் பென்சில் விட்டுச் சுற்றித் தள்ளிவிட்டுத்தான் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் சொல் விழுங்கப்படாமல் இருக்க அப்பா சொல்லிக் கொடுத்தது. ‘பாதவத்தி’க்கு மட்டும் சத்தத்தை ஒரு முள் குறைத்தேன். ஏ பக்கம் ஏறி முடிந்ததும் மேல் விளிம்பில் இருக்கிற சின்னப் பல்லை உடைத்துவிட்டேன், இனி அதன்மேல் எதுவும் பதியாது. முதுகில் 2024 என்று அப்பாதான் எழுதினார், கை கொஞ்சம் நடுங்கியதில் கடைசி 4 சாய்ந்துவிட்டது.

பி பக்கத்துப் பல்லை உடைக்கவில்லை. கடைசியில் 2 நிமிஷம் வெறும் நாடாவாக ஓடுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அதே நாயன செட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள். போனை முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை தவில்காரர் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.